முப்பத்தொன்றாம் தேதி மனைவி

மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேருவதற்கான கெடு முதலில் 2025 ஜூன் 30. அது செப்டம்பர் 30 ஆனது. பிறகு நவம்பர் 30 ஆனது. இப்படி இரண்டு முறை கெடுவை நீட்டத் தெரிந்தவர்களுக்கு, அரசிதழில் அடைப்புக்குறிக்குள் கிடக்கும் ஒரு வரியைத் திருத்தத் தோன்றவில்லை. ஓய்வூதியர் இறந்தால் அவர் பெற்றுவந்த தொகையில் 60 சதவீதம் வாழ்க்கைத் துணைக்குப் போகும். யார் அந்தத் துணை? பணி ஓய்வு பெறும் நாளன்று சட்டப்படி மணவாழ்வில் இருப்பவர்.

அரசு ஊழியர் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். அந்த ஒரு நாளில் மனைவியாக இருப்பவரே மனைவி. 28 ஆண்டுகள் குடும்பம் நடத்தியவருக்கு ஏப்ரலில் விவாகரத்துத் தீர்ப்பு வந்து, கணவர் மே 31-இல் ஓய்வு பெற்றால் அவருக்கு ஒரு காசு கிடையாது. அதே தீர்ப்பு ஜூனில் வந்தால்? விதியை எழுத்தெண்ணிப் படித்தால் அவர் 'ஓய்வு நாளில் மனைவி'தான். எந்தக் கணக்கு அலுவலகம் அப்படிப் படித்துப் பணம் தரும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

தொகையும் சிறிதல்ல. 25 ஆண்டு பணி முடித்து, கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளம் சராசரியாக 60,000 ரூபாய் வாங்கியவருக்கு மாதம் 30,000. அவருக்குப் பின் துணைக்கு 18,000, அகவிலைப்படி தனி. அந்த 25 ஆண்டுகளில் இடமாற்றல் வந்தபோதெல்லாம் தன் வேலையை விட்டுவிட்டுப் பெட்டி கட்டியவர் யார்? மாமியாரின் மருந்துச்சீட்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழையும் ஊர் ஊராகத் தூக்கித் திரிந்தவர் யார்? பெண் ஊழியரின் முன்னாள் கணவருக்கும் இதே விதிதான் என்பார்கள். இருக்கட்டும், பெட்டி கட்டியவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.

ஜீவனாம்சம் இருக்கிறதே என்று இன்னொரு சமாதானம். இருக்கிறது. மறுமணம் செய்துகொள்ளாத விவாகரத்தானவரும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொன்னது; இப்போதைய சட்டத்தின் 144-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் முன்னாள் கணவரின் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் வந்த பணம் அவரோடு நின்றுபோகும். குடும்ப ஓய்வூதியம் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தில் சேராது, உயில் எழுதியும் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே கூறிவிட்டது. ஆக, எழுபது வயதில் நிராதரவாக நிற்கும் பெண்ணுக்கு அந்த ஓய்வூதியத்தில் எந்தக் கதவும் இல்லை.

விவாகரத்து வழக்கு எப்படி இழுக்கும் என்பது டில்லிக்குத் தெரியாததல்ல. விவாகரத்தான மகளுக்குத் தந்தையின் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 2004-இல் ஒப்புக்கொண்டவர்கள், பெற்றோர் காலத்தில் வழக்குப் போட்டிருந்தாலே போதும் என்று சொல்ல 2017 வரை எடுத்துக்கொண்டார்கள். இடையில் 13 ஆண்டுகள். விவாகரத்து வழக்கு நிலுவையில் உள்ள பெண் ஊழியர், கணவருக்கு முன்பாகப் பிள்ளைகளுக்கு ஓய்வூதியம் போகும்படி எழுதித் தரலாம் என்று 2024 ஜனவரியில் ஆணையிட்டார்கள். நல்ல ஆணைதான். அடுத்த ஜனவரியில் அறிவித்த இந்தப் புதிய திட்டத்தில் பிள்ளைகளுக்கான மாதத் தொகையே காணோம். விவாகரத்தான பெண், ஒருவரின் மகளாக இருந்தால் இவர்கள் கண்ணில் படுகிறார். ஒருவரின் மனைவியாக இருந்தவர் என்றால் மறைந்துவிடுகிறார்.

தேதி போட்டு மனிதர்களைப் பிரிப்பது இவர்களுக்குப் பழைய பழக்கம். 1979 மார்ச் 31-ஐக் கோடாகப் போட்டு, முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். 1982-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது. ஓய்வூதியம் கருணைத் தொகையல்ல, உழைத்து ஈட்டியது என்றது. பழைய ஓய்வூதியத்துக்கு 2004 ஜனவரி 1 என்று அடுத்த கோடு போட்டார்கள். அதற்குப் பின் சேர்ந்தவர்களில் பணிக்காலத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் இடைக்கால நிவாரணத்துக்கே 2009 வரை காத்திருந்தன. 2025 மார்ச்சில், ஓய்வு தேதியை வைத்து ஓய்வூதியர்களைப் பிரிக்கும் அதிகாரத்தை நிதி மசோதாவுக்குள் செருகிச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். நகாரா தீர்ப்பு நாளான டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடும் நாட்டில்!

ஜெர்மனியில் 1977 முதல் மணவாழ்க்கைக் காலத்தில் சேர்ந்த ஓய்வூதிய உரிமை விவாகரத்தின்போது இருவருக்கும் பங்கிடப்படுகிறது. கனடாவிலும் அடுத்த ஆண்டே அந்த வழி வந்தது. இங்கே எந்த முறை பொருந்தும் என்பதை வல்லுநர்கள் பேசட்டும். ஒரு நாளைப் பார்ப்பதை விட்டு, சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளை ஏதாவது ஒரு வகையில் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2025 ஏப்ரல் 1-இல்தான். மனுக்கள் இனியும் வரும். அவை கணக்கு அலுவலகத்தின் மேசைக்குப் போகும் முன் அந்த அடைப்புக்குறியை எடுங்கள்.