கார்டு கையில் இருந்தும் லவுஞ்ச் கதவு திறக்கவில்லையா? கிளம்பும் முன் இதைப் பாருங்கள்!

விமான நிலைய லவுஞ்ச் என்றால் பெரிய தொழிலதிபர்கள் உட்காரும் இடம் என்ற காலம் போய்விட்டது. இன்று கிரெடிட் கார்டு வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்களும் உள்ளே போய் இட்லி, பொங்கல், காபி என்று சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுகின்றன. ஆனால், 'உங்க கார்டு வேலை செய்யலை சார்' என்று வரவேற்பு மேஜையிலேயே திருப்பி அனுப்பப்படுபவர்களும் உண்டு. கார்டில் எந்தக் கோளாறும் இருக்காது. விதி மாறியிருக்கும்.

உள்ளே போக மூன்று வழிகள் இருக்கின்றன. பிசினஸ் கிளாஸ் போன்ற உயர்வகுப்பு டிக்கெட் ஒன்று. அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் கோல்டு, பிளாட்டினம் அந்தஸ்து இரண்டாவது. வங்கி கார்டு மூன்றாவது. நம்மில் பலரும் நம்பியிருப்பது இந்த மூன்றாவது வழியைத்தான். அதிகம் மாறிக்கொண்டே இருப்பதும் இதுதான்.

இலவசம்... ஆனால் யாரோ பணம் கட்டுகிறார்கள்!

நாம் கார்டைத் தேய்க்கும்போது 2 ரூபாய் போன்ற சிறு தொகைதான் பிடிக்கப்படும். ஆனால், நாம் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் லவுஞ்சுக்கு வங்கியோ, கார்டு நிறுவனமோ பணம் கொடுக்கிறது. கூட்டம் கூடக் கூட அந்தச் செலவும் ஏறியது. எனவே, வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவை இறுக்க ஆரம்பித்தன.

ஹெச்.டி.எஃப்.சி வங்கி தன் ரெகாலியா கார்டுக்கு, ஒரு காலாண்டில் 1 லட்சம் ரூபாய் செலவு செய்தால்தான் உள்நாட்டு லவுஞ்ச் என்ற நிபந்தனையை 2023 டிசம்பரில் கொண்டுவந்தது. ஐ.சி.ஐ.சி.ஐ வங்கி தன் பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரலில் 35,000 ரூபாய் வரம்பு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அது 75,000 ரூபாயாக உயர்ந்தது. கார்டு வாங்கும்போது விற்பனைப் பிரதிநிதி சொன்ன விதி இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

தீபாவளிச் செலவு, பொங்கல் பயணத்துக்கு!

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பல கார்டுகளில், முந்தைய காலாண்டில் செய்த செலவுதான் இந்தக் காலாண்டுக்குக் கணக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை செய்த செலவு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பயணத்துக்குக் கைகொடுக்கும். அப்படிப்பட்ட கார்டில் அக்டோபரில் தீபாவளிக்கு நகை, துணி என்று எவ்வளவு தேய்த்தாலும், அந்தத் தீபாவளிப் பயணத்துக்கு உதவாது. பொங்கலுக்குப் போகும்போதுதான் பயன்படும். கோடை விடுமுறைப் பயணத்துக்கு மார்ச் மாதத்துக்குள்ளேயே வரம்பைத் தொட்டிருக்க வேண்டும்.

வீட்டு வாடகை, பெட்ரோல், வாலெட்டில் பணம் ஏற்றுவது, இ.எம்.ஐ ஆகியவற்றைப் பல வங்கிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எது சேரும், எது சேராது என்பது கார்டுக்குக் கார்டு மாறும். சில வங்கிகள் நேரடி ஸ்வைப்புக்குப் பதிலாக, வவுச்சர் அல்லது க்யூ.ஆர் கோடு தருகின்றன. அதை முன்கூட்டியே எடுத்து வைக்காவிட்டால், கார்டு இருந்தும் பயனில்லை.

ஒரு கார்டு, நான்கு பேர்

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய சங்கடம். ஒரு ஸ்வைப்புக்கு ஒருவர் என்பதுதான் பொதுவான விதி. அப்பா, அம்மா, பிள்ளை, பாட்டி என்று நான்கு பேர் போனால், ஒருவர் மட்டும் உள்ளே போய் மற்ற மூவர் வெளியே உட்கார முடியாது. மற்றவர்களுக்குப் பணம் கட்டினால், நான்கு பேரும் வெளியே டிபன் சாப்பிட்டிருக்கும் செலவை அது தாண்டிவிடலாம். ஆட்-ஆன் கார்டுக்குத் தனி அனுமதி உண்டா, எத்தனை வயது வரை குழந்தைக்கு இலவசம் என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாடு போகிறவர்கள் வைத்திருக்கும் பிரயாரிட்டி பாஸ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சில இந்திய வங்கிகள் தரும் பாஸில், இலவச அனுமதி வெளிநாட்டு லவுஞ்சுகளுக்கு மட்டும்தான். அதை இந்தியாவில் நீட்டினாலோ, கூட ஒருவரை அழைத்துப் போனாலோ கதவு திறக்கும். ஆனால், டாலர் கணக்கில் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் அடுத்த மாத பில்லில் வந்து நிற்கும்.

கோல்டு என்றால் எல்லா இடத்திலும் கோல்டு அல்ல

அடிக்கடி பறப்பவர்களின் அந்தஸ்துக்கும் எல்லை உண்டு. ஸ்டார் அலையன்ஸ் கூட்டமைப்பின் கோல்டு உறுப்பினர், அன்று அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த விமானத்தில் பயணம் செய்ய வேண்டும். அப்போதுதான் அனுமதி. கூட ஒருவரை அழைத்துப் போகலாம்; அவரும் கூட்டமைப்பின் விமானத்தில்தான் பயணம் செய்ய வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கோல்டு வைத்திருப்பவர், சென்னையிலிருந்து கோவைக்கு இண்டிகோவில் போனால் அந்த அந்தஸ்து உதவாது. இண்டிகோ அந்தக் கூட்டமைப்பில் இல்லை.

இடையில் ஒருவர் விலகினால்...

வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவில் ஓர் இடைத்தரகு நிறுவனம் இருப்பது பலருக்குத் தெரியாது. நம் கார்டு தகுதியானதா என்று சரிபார்ப்பதும், கணக்கு முடிப்பதும் அதன் வேலை. இந்தத் தொழிலில் பெரிய நிறுவனமான ட்ரீம்ஃபோக்ஸ், 2025 செப்டம்பரில் தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. இப்படி இடையில் இருக்கும் நிறுவனம் மாறும்போது, நேற்று திறந்த கதவு இன்று திறக்காமல் போகலாம்.

இந்தக் குழப்பத்தில் குளிர்காய்பவர்களும் உண்டு. 'லவுஞ்ச் பாஸ்' என்ற பெயரில் வந்த போலிச் செயலி, போனில் வரும் குறுஞ்செய்திகளைத் திருடியதை 2024-ல் க்ளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. சுமார் 450 பயணிகள் அதை போனில் ஏற்றியிருந்தார்கள். 9 லட்சம் ரூபாய்க்கு மேல் பறிபோனது. லவுஞ்சுக்காக யார் லிங்க் அனுப்பினாலும் தொடாதீர்கள். வங்கியின் சொந்தச் செயலி போதும். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

லவுஞ்ச் இல்லாவிட்டால்?

இந்திய விமான நிலைய ஆணையம் தொடங்கிய 'உடான் யாத்ரி கஃபே' முதலில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்திலும் வந்தது. தொடங்கியபோது டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று விலை வைத்தார்கள். விமானம் தாமதமானாலும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணத்தில் தாமதம் 2 மணி நேரத்தைத் தாண்டினால், காத்திருக்கும் பயணிகளுக்கு உணவோ சிற்றுண்டியோ விமான நிறுவனம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தயங்காமல் கவுன்ட்டரில் கேளுங்கள்.

கிளம்பும் முன் 5 நிமிடம்

* வங்கிச் செயலியில் உங்கள் கார்டின் லவுஞ்ச் பக்கத்தைத் திறந்து, இந்தக் காலாண்டுக்குத் தகுதி இருக்கிறதா, எத்தனை முறை மீதம் என்று பாருங்கள்.
* நீங்கள் புறப்படும் முனையத்தில் உள்ள லவுஞ்ச் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து முனையத்தில் இருந்தால் பயனில்லை.
* வவுச்சர் தேவையென்றால் வீட்டிலேயே எடுத்து, ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள்.
* ஸ்வைப் செய்யும் முன், 'எனக்கு எவ்வளவு பிடிக்கும்?' என்று வரவேற்பில் கேளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்ய வேண்டாம். லவுஞ்ச் வரம்பைத் தொடுவதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை விமானம் ஏறும் குடும்பம், ஒரு வேளை டிபனுக்காகக் காலாண்டுக்கு 75,000 ரூபாய் தேய்த்து, அதில் பாதியை வட்டியோடு கட்டுவதாக இருந்தால், அந்த டிபன் இலவசமே அல்ல. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சப்பாத்தியையும் புளியோதரையையும் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடுப்பதில்லை. சட்னி, குழம்பு, ஊறுகாயை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள்!