தற்காப்புக்குத் தண்டம் கூடாது

உயிருக்கோ உடைமைக்கோ ஊறு நேரும் வேளையில் தாக்குபவர்மீது பலத்தைப் பயன்படுத்தும் உரிமையை இந்தியச் சட்டம் ஒவ்வொருவருக்கும் வழங்கியிருக்கிறது. ஆனால், அவ்வுரிமையைப் பயன்படுத்தியவர் தம் செயல் முறையானதே என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டி விடுதலை பெறுவதற்குள் இழக்கும் பொருளையும் வருவாயையும் ஈடுசெய்யும் கடமை எதையும் அரசு ஏற்கவில்லை. இக்குறையை நாடாளுமன்றம் களைய வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து ஏறத்தாழ அப்படியே எடுத்தாளப்பட்டவை. தற்காப்புக்காகச் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்று கூறும் அவை, கொலை, கொடுங்காயம், பாலியல் வன்புணர்ச்சி, ஆள்கடத்தல், அமில வீச்சு உள்ளிட்ட ஏழு வகைத் தாக்குதல்களில் தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் அவ்வுரிமை நீளும் என்கின்றன; அதே வேளையில், அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை என்றும், தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்றும் வரம்பு கட்டுகின்றன. தாக்குதலுக்கு ஆளானவர் தம் எதிர்ப்பைப் படிப்படியாகக் கணக்கிட்டுச் செய்வார் என்று எதிர்பார்க்கலாகாது என 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

நடைமுறையோ வேறு. எதிராளி இறந்தாலோ படுகாயமடைந்தாலோ முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. கைதும் நீதிமன்றக் காவலும் தொடர்கின்றன. தற்காப்பு என்ற வாதம் பெரும்பாலும் விசாரணையில்தான் முழுமையாக ஆராயப்படுகிறது. விதிவிலக்கைக் கோருபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108ஆவது பிரிவு. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தம் தரப்பே நிகழ்ந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. ஆயினும் அதற்கே வழக்கறிஞர் கட்டணம், சாட்சிகள், ஆண்டுக்கணக்கான வாய்தாக்கள் என்று செலவு நீள்கிறது. மத்திய அரசு ஊழியராயின், 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே பணியிடை நீக்கம் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார்; தினக்கூலிக்கு உழைப்பவருக்கோ காவலில் கழியும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு.

இவ்விழப்புக்கு இன்றுள்ள பரிகாரம் பெயரளவானது. போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்யவைத்தவர் தர வேண்டிய இழப்பீட்டுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 399ஆவது பிரிவு விதிக்கும் உச்சவரம்பு 1,000 ரூபாய்தான். தவறான வழக்குத் தொடுப்புக்கு அரசே இழப்பீடு வழங்கத் தனிச் சட்ட ஏற்பாடும் சிறப்பு நீதிமன்றங்களும் தேவை என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023இல் இம்மூன்று குற்றவியல் சட்டங்களும் புதிதாக இயற்றப்பட்டபோதும் அப்பரிந்துரை இடம்பெறவில்லை. அவ்வறிக்கையுங்கூடப் பெரிதும் தீய நோக்குடன் தொடுக்கப்பட்ட வழக்குகளையே கருதியது. காவல் துறை நல்லெண்ணத்துடன் தொடுத்து, தற்காப்பு என்று முடிந்த வழக்கு அதன் எல்லைக்குள் எளிதில் அடங்காது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டம் இதற்கு வழிகாட்டுகிறது. தற்காப்பின் அடிப்படையில் விடுவிக்கப்பட்டவர், அக்கோரிக்கையைச் சான்றுகளின் மிகுதியால் நிறுவினால், வழக்கறிஞர் கட்டணத்தையும் கால இழப்பையும் நியாயமான பிற செலவுகளையும் மாநில அரசு திருப்பித் தர வேண்டும். நிகழ்வோடு தொடர்புடைய குற்றச்செயலில் அவரும் ஈடுபட்டிருந்தால் நீதிபதி அத்தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

இத்தகைய ஏற்பாடு வன்முறைக்குத் துணிவூட்டும் என்ற அச்சத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் இங்கே கோரப்படுவது உரிமையின் விரிவு அன்று. வரம்பு மீறியவர் இன்றுபோலவே தண்டிக்கப்படுவார், ஐயத்தின் பலனால் மட்டும் விடுதலையானவருக்கும் இத்தொகை கிடைக்காது. தற்காப்பே உண்மை என்று தீர்ப்பில் வெளிப்படையாகப் பதிவானவருக்கு மட்டும் செலவைத் திருப்பித் தருவதோடு, தற்காப்பு வாதத்தைப் புலனாய்வு நிலையிலேயே ஆராய்ந்து குற்றப்பத்திரிகையில் பதியும் கடமையையும் காவல் துறைக்கு விதிக்க வேண்டும். குடிமகனைக் காக்க அரசு வராத நொடியில் அவர் தம்மைத் தாமே காத்துக்கொண்டதைச் சட்டம் சரியென ஏற்குமாயின், அதன் செலவை அவர் தலையில் கட்டுவதற்கு நியாயம் ஏதுமில்லை.