மண் பார்த்துக்கொள்ளுமா? - களைக்கொல்லியைத் தின்னும் பாக்டீரியாக்கள்

"அதெல்லாம் கொஞ்ச நாளில் மண்ணோடு மண்ணாகிவிடும்." களைக்கொல்லி விற்பவரும் சரி, வாங்கித் தெளிப்பவரும் சரி, சொல்லும் சமாதானம் இதுதான். இன்னொரு பக்கம் இயற்கை வேளாண்மை பேசுபவர்கள், ஒரு முறை தெளித்தால் மண் செத்தது, இனி மீளாது என்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் களைக்கொல்லியை உடைக்கின்றன என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆனால் எங்கே, எப்போது, எதுவரை உடைக்கின்றன என்று பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும்.

முதலில் பழைய கதை. 2,4-டி என்ற களைக்கொல்லி 1940களின் நடுவில் சந்தைக்கு வந்தது. சில வருடங்களிலேயே, 1949 வாக்கில், லண்டனில் ஆடஸ் என்ற தாவரவியலாளர் ஒரு சோதனை செய்தார். மண்ணின் வழியே 2,4-டி கரைசலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஆரம்பத்தில் பெரிய மாற்றம் இல்லை. சில நாள் கழித்து மருந்து மளமளவென்று மறைய ஆரம்பித்தது. அதே மண்ணில் இரண்டாவது முறை ஊற்றியபோது தாமதமே இல்லை, உடனே காலியானது! அதாவது மண் 'பழகிக்கொண்டது'. பழகியது மண் அல்ல, அதற்குள் இருந்த பாக்டீரியாக்கள்.

2,4-டி யாவது பரவாயில்லை, அதைப் போன்ற பொருட்கள் இயற்கையிலும் உண்டு. அட்ரசின் அப்படியல்ல. 1950களின் கடைசியில் வந்த இந்த மருந்து மக்காச்சோள வயல்களில் கோடிக்கணக்கான கிலோ கொட்டப்பட்டது. இதன் மூலக்கூறு, கார்பனும் நைட்ரஜனும் மாறி மாறி நிற்கும் ஒரு வளையம். அதில் ஒரு குளோரின் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் இந்தக் குளோரின் கழன்று போவது வெறும் வேதிவினைதான், உயிரிகளுக்கு அதில் பங்கில்லை என்று ரொம்ப காலம் நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கை 1990களில் உடைந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் வாக்கெட், மைக்கேல் சடோவ்ஸ்கி ஆகியோரின் குழு, களைக்கொல்லி சிந்திக் கிடந்த ஓர் இடத்து மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது. சூடோமோனாஸ் ஏ.டி.பி. என்று பெயர் வைத்து 1995-ல் அறிவித்தார்கள். இது அட்ரசினைத் தன் நைட்ரஜன் தேவைக்காக உண்கிறது. ஒரு அட்ரசின் மூலக்கூறில் 5 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன, அதற்கு அது விருந்து!

அது வேலை செய்யும் விதம் சுருக்கமாக இப்படி:

1. முதல் நொதி குளோரினைக் கழற்றி அந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. களையைக் கொல்லும் சக்தி இங்கேயே போய்விடுகிறது.
2. அடுத்த இரண்டு நொதிகள் வளையத்தின் இரு பக்கமும் தொங்கும் வால்களை வெட்டுகின்றன. மிஞ்சுவது சயனூரிக் அமிலம்.
3. பிறகு வேறு மூன்று நொதிகள் வளையத்தையே பிளந்து கடைசியில் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குகின்றன.

இதற்கான மரபணுக்கள் பாக்டீரியாவின் முக்கிய குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. பிளாஸ்மிட்டை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்ற முடியும். வெவ்வேறு கண்டங்களில் பிடித்த பாக்டீரியாக்களிலும் முதல் மூன்று மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது தற்செயல் அல்ல.

இதைவிட ஆச்சரியம் முதல் நொதியின் பூர்வீகம். மெலமினை உடைக்கும் இன்னொரு நொதிக்கும் இதற்கும் 98 சதவீதம் ஒற்றுமை. 475 அமினோ அமிலங்களில் வித்தியாசம் வெறும் 9. ஆனால் அந்த 9 மாற்றத்தில் வேலையே மாறிவிட்டது. மெலமினை உடைப்பது அட்ரசினைத் தொடுவதில்லை, அட்ரசினை உடைப்பது மெலமினைத் தொடுவதில்லை. மனிதன் ஒரு புது மருந்தைக் கொட்டிய சில பத்தாண்டுகளுக்குள் இந்த நொதி உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அப்படியானால் கவலை இல்லை, மண் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிடலாமா? கூடாது. காரணங்கள் உண்டு.

முதல் காரணம், எல்லா பாக்டீரியாவும் கடைசிவரை போவதில்லை. சில வகைகள் வாலை மட்டும் வெட்டிவிட்டு குளோரினை அப்படியே விட்டுவிடுகின்றன. அப்படிக் கிடைக்கும் டீஎத்தில் அட்ரசின் மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு எளிதாக இறங்கும். இது அட்ரசினுக்குச் சமமான நச்சு என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதே நாட்டின் குடிநீர் வரம்பு, லிட்டருக்கு 3 மைக்ரோகிராம், அட்ரசினை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது! 'உடைந்துவிட்டது' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு ஒளித்து வைக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாவது காரணம், இடம். மேல்மண்ணில் காற்று, சூடு, மட்கு, கூட்டம் கூட்டமாக நுண்ணுயிரிகள் எல்லாம் உண்டு. அங்கே அட்ரசின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 60 நாள் என்று கணக்கு வைப்பார்கள். அதே மருந்து மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கிவிட்டால், அங்கே உணவும் குறைவு, உயிரும் குறைவு. ஜெர்மனி 1991-ல் அட்ரசினைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் அனுமதி மறுத்தது. அதற்குப் பல வருடங்கள் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் அட்ரசினும் அதன் உடைந்த துண்டுகளும் கண்டுபிடிக்கப்பட்டு வந்தன.

மூன்றாவது, உரம். பாக்டீரியா அட்ரசினைத் தேடிப் போவது நைட்ரஜன் பசியால். நைட்ரஜன் உரம் தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் அட்ரசின் உடைவது மந்தமாகிறது என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. பசி இல்லாதவன் கஷ்டப்பட்டு ஓட்டை உடைத்து ஏன் தின்னப் போகிறான்? மக்காச்சோளத்துக்கு யூரியாவும் போடுவார்கள், அட்ரசினும் தெளிப்பார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, விவசாயியின் நஷ்டம். வருடா வருடம் அதே மருந்தைத் தெளித்த நிலத்தில் பாக்டீரியா பழகிவிடும். 60 நாள் என்று நம்பிய இடத்தில் ஒரு வாரம், பத்து நாளில் பாதி போய்விடும். களை திரும்ப முளைக்கும். அவர் என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார், அல்லது வேறு மருந்தைச் சேர்ப்பார். சுத்தம் செய்ய வந்த பாக்டீரியாவே அடுத்த சுற்று விஷத்துக்குக் காரணமாகிறது. குற்றம் பாக்டீரியாவுடையது அல்ல, ஒரே மருந்தை மாற்றாமல் கொட்டும் பழக்கத்துடையது.

எல்லா மருந்தும் அட்ரசின் போலவும் இல்லை. பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகக் குடுவையில் அதை உடைக்கும் நுண்ணுயிரிகள் உண்டு. வயலிலோ அது களிமண்ணோடு கெட்டியாக ஒட்டிக்கொள்வதால் அவற்றுக்கு எட்டுவதே இல்லை, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். குடுவையில் நடப்பது வயலில் நடக்கும் என்று நினைப்பது பெரிய தவறு.

இதனால் நுண்ணுயிரிகளை நம்பவே கூடாது என்று அர்த்தமில்லை. சரியான இடத்தில் வைத்தால் அவை அற்புதம் செய்யும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மருந்து சிந்திய ஓர் இடத்தில் மண்ணில் அட்ரசின் 29,000 பி.பி.எம். வரை இருந்தது. அந்த முதல் நொதியை உற்பத்தி செய்யும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொன்று, அந்தச் செத்த செல்களை மட்டும் மண்ணில் கலந்தார்கள். 8 வாரத்தில் 52 சதவீதம் குறைந்தது. கூடவே பாஸ்பேட்டும் சேர்த்த இடத்தில் 77 சதவீதம். உயிரோடு எதையும் வெளியில் விடாமலே இது நடந்தது.

கிடங்கு, ஆலை, மருந்து கலக்கும் இடம் என்று ஒரே இடத்தில் குவிந்த விஷத்துக்கு இந்த வழி பொருந்தும். ஊரெல்லாம் பரவி, கிணற்றில் மைக்ரோகிராம் கணக்கில் கரைந்ததற்குப் பொருந்தாது. அதற்கு ஒரே வழி இறங்கவிடாமல் தடுப்பதுதான்.

எனவே ஒரு மருந்துக்கு அனுமதி தரும்போது 'மண்ணில் மக்கும்' என்ற சான்று மட்டும் போதாது. எதுவாக மக்குகிறது, எந்த மண்ணில், எந்தச் சூட்டில், எவ்வளவு ஆழத்தில் என்றும் கேட்க வேண்டும். உடைந்த துண்டுகளையும் குடிநீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். மருந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, கைக்களை, பயிர் சுழற்சி ஆகியவற்றை விவசாயிக்குச் சொல்ல ஆள் வேண்டும், அதற்கு ஆகும் கூலிக்கு உதவியும் வேண்டும்.

பாக்டீரியா தன் பசிக்குச் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். மனிதனின் குப்பையை அள்ளுவேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அது சாப்பிட்டு முடிக்காத மிச்சம் கடைசியில் வந்து சேர்வது குடிக்கிற தண்ணீரில்தான்.