ஆற்றில் நனையும் மரவேலை

போன மாதம் பட்டறைக்கு ஒரு கைவலை பழுதுபார்க்க வந்தது. வளையத்தின் இரண்டு காலும் பிடியோடு சேருமிடத்தில் பசை விட்டு, மூன்று பட்டிகளும் விரித்த சீட்டுக்கட்டு மாதிரி பிரிந்து நின்றன. உள்ளே நீர் புகுந்து மரம் கறுத்திருந்தது. கொண்டுவந்தவர் குறை எதுவும் சொல்லவில்லை. பிடியின் அடியிலிருந்த பட்டறைக் குறியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த வலை அது. மேசை நாற்காலிக்குப் போடுகிற சாதாரண வெள்ளைப் பசையால்தான் ஒட்டியிருந்தேன். மேலே நன்றாக வார்னிஷ் அடித்தால் நீர் உள்ளே போகாது என்று அன்றைக்கு நம்பினேன். தொடை அளவு நீரில் நிற்கிற மனிதர் கையில், மீன் உள்ளே இருக்கும்போது அந்த வளையம் வாய் பிளந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

ஃப்ளை மீன்பிடிப்பவர்களுக்கான மரவேலைக்கென்று இந்த இதழை ஒதுக்கியதற்கு அந்த வலைதான் காரணம்.

அறியாதவர்களுக்காக இரண்டு வரி. இறகு, மயிர், நூல் இவற்றைச் சின்னஞ்சிறு தூண்டில் கொக்கியில் சுற்றிக் கட்டி, நீரில் விழுந்த பூச்சியைப்போல் காட்டுவதுதான் ஃப்ளை. அதற்கு எடை ஏறக்குறைய கிடையாது. கனமான கயிற்றை வீசும்போது அந்தக் கயிறுதான் ஃப்ளையைச் சுமந்துகொண்டு போகிறது. இதில் ஊறிய பலரும் ஃப்ளையைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். ஆகவே ஆற்றங்கரை ஒன்று, வீட்டில் விளக்கடி மேசை ஒன்று என்று அவர்களுக்கு இரண்டு இடங்கள். இரண்டிலும் தச்சனுக்கு வேலை இருக்கிறது. நம் பக்கத்திலும் இது புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலமுறை முயன்று தோற்ற பிறகு, நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீனை நிலைநிறுத்த அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது 1907-ல். இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமும் அதே கதைதான்.

முதலில் கைவலை. இந்தத் துறையில் மரம் வளைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரு பலகை போதும், செலவு குறைவு, தவறினால் உடனே தெரிந்துவிடும்.

டிரவுட் அளவு மீனுக்கு வளையம் சுமார் 40 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம். அதற்கு 2.5 மி.மீ. கனத்தில் மூன்று பட்டிகள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளம் வேண்டும். மேலைநாட்டார் ஆஷ், செர்ரி, வால்நட் எடுப்பார்கள். நமக்கு நான் முதலில் சொல்வது முசுக்கொட்டை. ஜலந்தரில் ஹாக்கி மட்டைக்கு வளைத்துப் பழகிய மரம் அது. ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக வெட்டி வெட்டி வளர்க்கும் செடியில் பலகை கிடைக்காது. வேலியோரம் மரமாக விட்ட முசுக்கொட்டையைத் தேட வேண்டும். எந்த மரமானாலும் நார் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட வேண்டும். பட்டியின் ஓரத்தில் நார் வெளியே ஓடிவிட்டால் அந்த இடத்தில்தான் முறியும். கணு கூடவே கூடாது. சூளையில் காய்ந்த மரத்தைவிட நிழலில் காய்ந்த மரம் நன்றாக வளையும்.

சூட்டில் இளகிய மரத்தை உள்பக்கம் எவ்வளவோ நசுக்கலாம். வெளிப்பக்கம் இழுக்க முடியாது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீண்டாலே கிழிந்துவிடும். அதனால்தான் தடித்த கட்டையை வளைப்பவர்கள் வெளிப்பக்கம் எஃகுப் பட்டை கொடுத்து வளைக்கிறார்கள். நம் பட்டி மெல்லியது என்பதால் கொதிநீரில் கால் மணி நேரம் ஊறினால் போதும். எடுத்தவுடன் அச்சில் வைத்து, வளையத்தின் நெற்றியிலிருந்து இரு பக்கமும் ஒரே சமயத்தில் வளைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு கை போதாது, கூட ஒருவர் வேண்டும். கிளாம்பு போட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். ஈரத்தோடு பசை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கும்போது பசைக் கோடு தாங்காது.

காய்ந்த பட்டிகளுக்குப் பசை தடவி மறுபடி அதே அச்சில் ஏற்ற வேண்டும். அச்சைவிட வளையம் கொஞ்சம் விரியும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. உலர்ந்த பட்டிகளை வளைத்து ஒட்டினால், இரண்டு பட்டியில் தோராயமாகக் கால் பங்கு திரும்பி விரியும், மூன்றில் ஒன்பதில் ஒரு பங்கு, நான்கில் பதினாறில் ஒரு பங்கு. ஊறவைத்து முன்னதாகவே வளைத்ததால் நமக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் அச்சின் இடுப்பை ஒரு விரல் கனம் குறுக்கி வெட்டுங்கள். பசைக்கு எப்பாக்சி, அல்லது நீர் தாங்கும் என்று உறுதி உள்ள பசை. வெள்ளைப் பசைக்கு நீர் ஒரு பகை என்றால், ஓயாத இழுவை இன்னொரு பகை. நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் அது மெல்ல மெல்ல நழுவும். என் வலை பிரிந்தது இரண்டாலும்தான்.

பிடியின் தலை, வளையத்தின் இரு காலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி நுழைய வேண்டும். அந்த ஆப்பின் முனை தாள் கனத்துக்கு மெலிந்து முடியும்வரை இழையுங்கள். அங்கே இடைவெளி விட்டுப் பசையால் நிரப்புவதுதான் பெரும்பாலான வலைகளின் சாவு. பிடிக்கு ஈட்டி மரம் கேட்பார்கள். அழகுதான், ஆனால் கனம். நாள் முழுக்க முதுகில் தொங்கும் பொருள் இது. மேலும் ஈட்டி உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மரம். கணக்கோடு வாங்கிய துண்டு இல்லையென்றால் தொடாதீர்கள். தேக்கு போதும். ஒட்டும் முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து எண்ணெயை எடுங்கள்.

வலையைக் கட்ட 3 மி.மீ. துளைகள், இரண்டு செ.மீ.க்கு ஒன்று. வெளி விளிம்பில் ஒரு சிறு காடி ஓட்டினால் கட்டும் நூல் அதற்குள் அமர்ந்துகொள்ளும், பாறையில் உரசி அறாது. வலைப்பை முடிச்சுப் போட்ட நைலானாக இருக்க வேண்டாம், மென்மையான ரப்பராக இருக்கட்டும். இதில் நம் கருத்தைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். மீனின் மேலுள்ள வழவழப்புதான் அதற்கு நோய்க்காப்பு. முடிச்சு அதைச் சுரண்டி எடுத்துவிடும். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவதற்காகத்தான் இந்த வலையே. மீன் பிழைக்காத வலையை எவ்வளவு அழகாக வளைத்து என்ன பயன்?

பிரம்பிலும் மூங்கில் பிளாச்சிலும் இதே வளையத்தைச் செய்யலாம். ஒகேனக்கலில் பரிசல் பின்னுகிறவர்கள் பிளாச்சை வளைப்பதை ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். தோல் பக்கத்தை எங்கே வைப்பது என்று அவர்கள் கைக்குத் தெரிகிறது.

இனி மேசை. ஃப்ளை கட்டும் மேசைக்கென்று வருகிற படங்களில் எல்லாம் துளைகள்தான், நூல்கண்டுக்கு நாற்பது, கருவிக்கு இருபது என்று. செய்து கொடுத்த ஆறு மாதத்தில் பாதித் துளைகளில் தூசிதான் இருக்கும். அளவெடுக்கப் போகும் முன் மேசை கேட்டவர் ஃப்ளை கட்டுவதை ஒரு மணி நேரம் பாருங்கள். கத்தரிக்கோலை அவர் கீழே வைப்பதே இல்லை, விரலிலேயே மாட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். கொக்கியைப் பிடிக்கும் வைஸ் பெரும்பாலும் மேசை விளிம்பில் திருகிப் பொருத்துவது. ஆகவே முன் விளிம்பு பத்து செ.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். அடியில் சட்டம் குறுக்கே வரக்கூடாது, பலகையும் நாலு செ.மீ.க்கு மேல் தடிக்கக்கூடாது. மேற்பரப்புக்கு வெளிர் மரம், பளபளப்பு இல்லாத பூச்சு. கொக்கிக்கு எண் கூடக்கூட அளவு சிறுக்கும். 18-ஆம் எண் கொக்கி கறுத்த தேக்கில் விழுந்தால் கிடைக்காது. மருந்தேற்றிய ரப்பர் மரப் பலகை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. சுற்றிலும் அரை விரல் உயர விளிம்பு ஒன்று கொடுத்துவிட்டால் ஃப்ளையில் கோக்கும் சிறு மணிகள் உருண்டு போகாது.

இறகு வைக்கும் இழுப்பறைதான் இந்த மேசையின் உயிர். சேவலின் கழுத்துத் தோல் முழுசாக ஓரடி நீளம் வரும். மடிக்காமல் கிடக்க வேண்டும், ஆழம் ஐந்து செ.மீ. போதும். அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் இதற்குச் சத்துரு. தேவதாரு வாசனை காக்கும் என்று நம்பி இடுக்கோடு செய்கிறார்கள். வாசனை சின்னப் புழுவைக் கொஞ்சம் தடுக்கும், முழுக்க நம்ப முடியாது. வருடத்துக்கு ஒருமுறை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால்தான் அந்த வாசனையும் திரும்பும். காப்பாற்றுவது இறுக்கமான மூடிதான். உள்விளிம்பில் கம்பளித் துணி ஒட்டாதீர்கள், அது அந்துப்பூச்சிக்கு விருந்து. புதிதாக வாங்கிய தோலை உறைபெட்டியில் சில நாள் வைத்துவிட்டுப் பிறகு இழுப்பறையில் போடச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் பழைய சால்மன் ஃப்ளைகளில் கன்னத்தில் பதிக்கும் மெழுகு பூசினாற்போன்ற புள்ளி இறகு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து போனது. அந்த ஆசைக்காக எத்தனையோ பறவைகள் செத்தன. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இங்கே அதைக் கொல்வதும் விற்பதும் குற்றம். அந்த இறகை வைக்கத் தனி அறை செய்து தரச் சொல்லி யாராவது கேட்டால், வேலையை மறுத்துவிடுங்கள். நான் மறுத்திருக்கிறேன்.

ஃப்ளை வைக்கும் சிறு பெட்டிக்கு ஓக் மட்டும் வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் அமிலம் கொக்கியைத் துருவாக்கும். மூடிக்கும் அடிக்கும் நடுவே உள்ளே குறைந்தது இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால்தான் இறகு நசுங்காது. ஆற்றிலிருந்து வந்த இரவே திறந்து வைக்க வேண்டும் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசல்காரர்களுக்கு ஃப்ளை கட்டும் ஊசிக்கான பிடிகள் உண்டு. ஒரு வார்த்தைதான்: உருண்டையாகக் கடைந்த பிறகு ஒரு பக்கமாவது தட்டையாக்குங்கள். மேசையிலிருந்து உருண்டு விழும் ஊசி பாதத்தில்தான் நிற்கும்.

பிளந்த மூங்கிலில் தூண்டில் கோல் செய்வது பற்றிக் கடிதங்கள் வருகின்றன. ஆறு பட்டிகளை 60 பாகைக்கு இழைத்து ஒட்டும் வேலை அது. சீனாவின் குவாங்டொங் மாநிலத்து டோங்கின் மூங்கில் வருவதற்கு முன், அமெரிக்கர்கள் ‘கல்கத்தா கேன்’ என்ற இந்திய மூங்கிலில்தான் அதைச் செய்தார்கள். தனி இதழ் வேண்டிய விஷயம், இங்கே அடக்க முடியாது.

அந்தப் பழைய வலையை நான் ஒட்டிக் கொடுக்கவில்லை. வளையத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக முசுக்கொட்டையில் வளைத்திருக்கிறேன். பிடியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எட்டு வருடத்தில் அவருடைய கட்டைவிரல் அதில் ஒரு பள்ளம் உண்டாக்கியிருக்கிறது. ஆப்பை மட்டும் புதிதாக இழைத்தேன், அந்தப் பள்ளத்தின் பக்கம் இழைப்புளி போகவில்லை. பட்டிகள் இப்போது அச்சில் காய்கின்றன. நாளை மறுநாள் எப்பாக்சி.