வசந்தத் தோட்டத்துக்கு இரண்டு வீடுகள் வேண்டும்

தில்லியில் வசந்தம் வந்துவிட்டதை அறிய நாட்காட்டி தேவையில்லை. பிப்ரவரி நடுவில், கம்பளிகளை மடித்து வைக்கலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று வீடுகள் தயங்கும். காய்கறி வண்டிகளில் பச்சைப் பட்டாணி மலிந்திருக்கும். சிவப்புக் கேரட் விடைபெறத் தொடங்கும். அதே நாட்களில் நாற்றுப் பண்ணைகளின் வாசலில் கூட்டம் கூடும். தொட்டியும் எருவும் விதைப் பொட்டலமுமாக மக்கள் வீடு திரும்புவார்கள். மே மாத இறுதியில் அதே மொட்டை மாடிகளை நோக்கினால், வெடித்த மண்ணும் காய்ந்த கொடியுமாக நிற்கும் தொட்டிகளே மிகுதியாகக் கண்ணில் படும்.

இடைப்பட்ட மூன்று மாதங்களில் நேர்ந்தது என்ன? விதை சரியில்லை, மண் சரியில்லை, வெயில் கொடியது என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவை எல்லாம் ஓரளவு உண்மையே. ஆயினும், எங்கள் அனுபவத்தில் முதன்மையான காரணம் வேறு. நகரத்தில் நாம் வீட்டுத் தோட்டத்தை ஒரு குடும்பத்தின் தனி உடைமையாக எண்ணித் தொடங்குகிறோம். அதனால்தான் அது கோடையைத் தாண்டுவதில்லை. வசந்தத் தோட்டத்தை இரண்டு வீடுகளின் பொறுப்பாகத் தொடங்க வேண்டும் என்பதே நாங்கள் இங்கு முன்வைக்கும் கருத்து.

ஒரு காய் இரண்டாயிரம் ரூபாய்

கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பம் எங்களுடையது. கிழக்குத் தில்லியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று கேட்டு வளர்ந்த நாங்கள், வடக்கே பட்டம் வேறு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. மகளின் ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்து, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மொட்டை மாடியில் தோட்டம் போட்டோம். 12 வளர்ப்புப் பைகள், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள் என ரூ. 6,000 செலவாயிற்று.

வெண்டையும் பீர்க்கும் விரைந்து முளைத்தன. மே மூன்றாம் வாரம் பள்ளி விடுமுறை தொடங்கியது. ஆண்டுதோறும் செய்வதுபோல் மூன்று வாரங்களுக்கு ஊருக்குப் புறப்பட்டோம். ஒவ்வொரு பையிலும் துளையிட்ட நீர்ப் புட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அறிவாளிகளைப் போல் ரயில் ஏறினோம். திரும்பி வந்தபோது ஒரு வெண்டைச் செடியில் மட்டும் மூன்று காய்கள் கட்டையாக முற்றி நின்றன. அவ்வாண்டின் மொத்த விளைச்சல் அவ்வளவுதான். மகள் கணக்குப் போட்டு, “ஒரு காய் இரண்டாயிரம் ரூபாய்” என்றாள். சிரித்துவிட்டோம்; ஆனால் அந்தக் கணக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

வசந்தம் காத்திராது

எங்கள் முதல் பிழை காலத்தைப் பற்றியது. வட இந்திய உழவர்கள் ரபி, காரிப் என்ற இரு பெரும் பருவங்களுக்கிடையே ஜாயத் என்ற குறும்பருவம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வெள்ளரி, சுரை, பீர்க்கு, பாகல், வெண்டை ஆகியவை அப்பருவத்துக்கு உரியவை. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை விதைத்தால், மே மாத அனல் காற்று வீசத் தொடங்குமுன் செடி வேரூன்றிக் காய்க்கத் தொடங்கியிருக்கும். நம் மாசி மாதம் ஏறத்தாழ அந்த நாட்களில்தான் வருகிறது. ஏப்ரலில் விதைப்பவர், இளஞ்செடியை 40 டிகிரி வெயிலின் முன் நிறுத்துகிறார்.

அந்தக் காலமும் நிலையாக இல்லை. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பம், 1901 முதல் உள்ள பதிவுகளில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பம் தாக்கியதால் வடமேற்கு மாநிலங்களில் கோதுமை மணிகள் சுருங்கின. அவ்வாண்டு மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. மாடியில் ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தச் செய்தியின் பொருள் சற்றுக் கூடுதலாகவே விளங்கும்.

ஆகவே, குளிர் முழுதும் நீங்கும்வரை காத்திராமல், பிப்ரவரி தொடக்கத்திலேயே கொடி வகைகளைச் சிறு குவளைகளில் விதைத்து, வெயில் விழும் சன்னலோரம் வைத்து நாற்றாக்கிக்கொள்வது நல்லது. வெண்டைக்கு மண்ணில் வெதுவெதுப்பு வேண்டும். விதையை ஓர் இரவு ஊறவைத்து, பிப்ரவரி கடைசியில் நேராகப் பையிலேயே ஊன்றலாம். 45 முதல் 50 நாட்களில் முதல் காய் கிடைக்கும். வகைத் தேர்விலும் கவனம் தேவை. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கக்கூடிய ‘அர்கா அனாமிகா’ வெண்டை பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனத்தின் படைப்பு. வசந்தத்துக்கும் மழைக்காலத்துக்கும் ஏற்ற ‘பூசா தோ மௌசமி’ பாகல், தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தந்தது. பீகாரின் பூசா என்னும் ஊரில் இயங்கிய அந்நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் சேதமுற்று, 1936-இல் தில்லிக்கு இடம் பெயர்ந்தது. அதன் வளாகத்தில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடைபெறும் வேளாண் கண்காட்சியில் விதைகளும் விற்பனைக்குக் கிடைக்கும்.

கருவியால் ஆகாதவை

இரண்டாவது பிழை ஊருக்குச் சென்றது என்று சிலர் கூறினர். தானாகத் திறந்து மூடும் சொட்டுநீர்க் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால் போதும் என்றனர். நாங்கள் அதை ஏற்கவில்லை. கருவி நீர் ஊற்றும், காய் பறிக்காது. வெண்டை, பூத்த ஐந்தாறு நாட்களில் பறிக்க வேண்டிய காய். அதை விட்டுவிட்டால் நாரோடிப்போவதோடு, செடியும் விதை முற்றுவதில் ஆற்றலைச் செலவிட்டுப் புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பீர்க்குக்கும் சுரைக்கும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. இரண்டுமே மாலையில் மலர்பவை. அந்துப்பூச்சிகள் எட்டிப்பாராத உயர்ந்த மாடிகளில், மாலை வேளையில் ஒருவர் சென்று ஆண் பூவைக் கிள்ளி, அடியில் பிஞ்சு தாங்கிய பெண் பூவில் மெல்லத் தொட்டுவிட்டால்தான் பிஞ்சு நிலைக்கும். தோட்டத்துக்கு நாள்தோறும் ஓர் ஆள் வேண்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பத்தால் அந்த ஆளைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொள்ள இயலாது.

கீழ்த்தளத்து மாதாஜி

செத்துப்போன தோட்டத்தின் மண்ணை வெளியே கொட்டுவதற்காகப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான், கீழ்த்தளத்தில் குடியிருந்த மூதாட்டி எங்களை நிறுத்தினார். மேற்கு உத்தரப் பிரதேசத்துச் சிற்றூரிலிருந்து மகனோடு நகரத்துக்கு வந்தவர். “பேட்டி, செடிதான் செத்தது, மண் சாகவில்லை. வெயிலில் காயட்டும், எருவிட்டு மறுபடி போடலாம்” என்றார். ஏழு ஆண்டுகளாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும், அவரிடம் வணக்கத்தைத் தவிர வேறு பேசியிராதவர்கள் நாங்கள். அன்று முதல் அவர் எங்களுக்கு மாதாஜி.

மறு ஆண்டு தைக் கடைசியில் அவரிடம் எங்கள் வேண்டுகோளை வைத்தோம். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏற முடியாது என்று அவர் ஒளிக்காமல் கூறிவிட்டார். அப்படியானால் தோட்டம்தான் கீழே இறங்க வேண்டும். 12 பைகளில் ஆறை மட்டும் அவர் வீட்டு முற்றத்தில் வைத்தோம். முற்றத்தில் காலை வெயில் மட்டுமே விழும் என்று முதலில் கவலைப்பட்டோம். மே மாதத்தில்தான் உண்மை விளங்கியது: பிற்பகல் நிழல் அந்தச் செடிகளுக்குக் கிடைத்த பெரும் கொடை. ஹோலிக்குள் கொடி கொம்பைப் பிடித்திருக்க வேண்டும் என்பது மாதாஜியின் கணக்கு. அந்தக் கணக்கும் பொய்க்கவில்லை.

விளைச்சலில் பாதிப் பாதி என்பது எங்கள் உடன்பாடு. மே மாதத்தில் அவர் நீர் விடுவார். கார்த்திகையில் அவர் சொந்த ஊருக்குச் செல்லும்போது அவருடைய துளசிக்கும் வெந்தயக்கீரைக்கும் நாங்கள் நீர் விடுவோம். வங்கி வாடிக்கையாளர்களுக்கு இது புதிதன்று. கூட்டுக் கணக்கில் இருவரும் செலுத்தலாம், இருவரில் ஒருவர் எடுக்கலாம். நம்பிக்கை மட்டும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

அவ்வாண்டு ஜூன் மாதம் நாங்கள் திரும்பியபோது, சமையலறை நாட்காட்டியில் பென்சில் கோடுகளை மாதாஜி காட்டினார். எந்த நாளில் எத்தனை காய் என்று ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டிருந்தது. எங்கள் பங்கு எங்கே என்று விளையாட்டாகக் கேட்டோம். “காய் உங்களுக்காக மூன்று வாரம் காத்திருக்குமா? உங்கள் பங்கைக் காவல்காரருக்கும், துணி தேய்க்கும் பெண்ணுக்கும் உங்கள் பெயரைச் சொல்லியே கொடுத்துவிட்டேன்” என்றார். அன்று மாலை துணி வாங்க வந்த அப்பெண், எங்கள் வீட்டுப் பீர்க்கங்காய் இனிப்பாக இருந்ததாகக் கூறிச் சென்றாள். நாங்கள் சுவைத்தறியாத எங்கள் காய் அது. பின்னர், ஜூலையில் பறித்த காய்களின் தோலில் துவையல் அரைத்துக் கீழே கொண்டு கொடுத்தோம். அத்தனை ஆண்டுகளும் அந்தத் தோலை மாட்டுக்குப் போட்டுவிட்டேனே என்று மாதாஜி வியந்தார்.

எது லாபம்?

வீட்டுத் தோட்டம் காய்கறிச் செலவை ஒழித்துவிடும் என்று நாங்கள் கூறமாட்டோம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 48 கிலோ ஆகிறது. ஆறு பைகளால் அதைத் தர இயலாது. ஆனால், ஒரு பீர்க்கங்காய்க்குப் பின்னால் எத்தனை குவளை நீரும் எத்தனை மாலைப் பொழுதுகளும் உள்ளன என்று அறிந்தபின், காய்கறி வண்டிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு வாதிடும் பழக்கம் எங்களைவிட்டு நீங்கிற்று.

நகரத்தில் யாரை நம்பிச் சாவியைக் கொடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சம் எங்களுக்கும் இருந்தது. அதனால்தான் சாவியில் தொடங்காமல், முற்றத்தில் வைத்த ஒரு தொட்டியில் தொடங்கச் சொல்கிறோம். குடியிருப்போர் சங்கங்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. மாடித் தோட்டத்தை முற்றாகத் தடை செய்வதைவிட, எடையைத் தாங்கும் சுவரோரத்தையும் பொதுக் குழாய் ஒன்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரு தோட்டத்துக்கு இரு குடும்பங்கள் பொறுப்பேற்க வேண்டும் என விதி வகுக்கலாம். நனைந்த மண் பெரும் சுமையாகும் என்பதால் உரிமையாளர்களின் கவலையும் நியாயமானதே. பொறுப்பு இருவருடையதானால் அந்தக் கவலையும் பாதியாகும்.

இந்த வசந்தத்தில் தோட்டம் போட எண்ணும் வாசகர்கள், நாற்றுப் பண்ணைக்குச் செல்லுமுன் ஒரு முறை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மே மாதத்தில் நீர் ஊற்றப்போவது யார் என்பது முடிவானபின், எத்தனை தொட்டி வாங்குவது என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யலாம்.