சில்லறையில் எழுந்த கோபுரம்

அரசாங்கங்கள் ஞாபகார்த்த நாணயம் வெளியிடுவது புதிதல்ல. ஆனால் அவற்றில் பல, வெல்வெட் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சேகரிப்பவர்கள் பார்ப்பார்கள். மற்றவர் கண்ணில் படாது.

2011-ஆம் ஆண்டில் ஜெர்மனி வெளியிட்ட 2 யூரோ நாணயம் அப்படிப்பட்டதல்ல. அது கடைக்குப் போகிற காசு. அதைக் கொடுத்து ரொட்டி வாங்கலாம். யூரோ புழங்கும் எந்த நாட்டிலும் அது செல்லும். 3 கோடி நாணயங்கள் அடித்தார்கள். ஒரு பக்கம் ஐரோப்பாவின் படம். மறுபக்கம் கொலோன் நகரத்துப் பேராலயம்.

காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, "ஓடிகோலோன்", அது இந்த ஊரின் பெயரைத் தாங்கியதுதான்.

குழந்தை இயேசுவைக் காண நட்சத்திரத்தைத் தொடர்ந்து வந்த மூன்று ஞானிகளின் எலும்புகள் என்று நம்பப்படுபவை, 1164-ல் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து கொலோனுக்கு வந்தன. யாத்ரீகர்கள் திரண்டார்கள். அவர்களுக்கு ஏற்ற பெரிய ஆலயம் வேண்டும் என்று 1248 ஆகஸ்டு 15-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டினார்கள்.

கட்டினார்கள், கட்டினார்கள், 300 ஆண்டுகள் கட்டினார்கள். முடியவில்லை! 1560-ல் வேலை நின்றது.

தாத்தா பார்த்த பாரந்தூக்கி

பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் மேல், கல் ஏற்றும் பெரிய மரப் பாரந்தூக்கி ஒன்று இருந்தது. அதை யாரும் இறக்கவில்லை. தாத்தா பார்த்த அதே பாரந்தூக்கியைப் பேரனும் பார்த்தான். அவன் பேரனும் பார்த்தான். ஊருக்கே அது அடையாளமாகிவிட்டது. பிரெஞ்சுப் படைகள் ஊரைப் பிடித்தபோது ஆலயம் கிடங்காகக்கூட ஆனது.

ஆலய முகப்பின் பழைய வரைபடமும் காணாமற்போயிருந்தது. 1814-ல் டார்ம்ஸ்டாட் நகரில் அதன் ஒரு பாதி அகப்பட்டது. பரணில் அவரை விதை காயவைக்க அதை விரித்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. மறுபாதி 1816-ல் பாரிசில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தால், கட்டவேண்டிய கோபுரங்கள் கண்முன் நின்றன!

படம் கிடைத்தது. பணம்?

பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம் உதவி தந்தார். 1842-ல் வேலை மறுபடி தொடங்கியது. ஆனால் செலவில் பாதிக்கு மேல் கொடுத்தது அரண்மனை அல்ல; ஊர் மக்கள் கூடி அமைத்த ஆலயக் கட்டடச் சங்கம். சந்தா வசூலித்தார்கள். அது போதாதபோது பரிசுச் சீட்டு நடத்தினார்கள். கோவில் கட்டப் பரிசுச் சீட்டா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கோபுரம் எழுந்தது அந்தக் காசிலும்தான்.

1880 அக்டோபர் 15-ந் தேதி நிறைவு விழா. உயரம் 157 மீட்டர். அன்று உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். புரோட்டஸ்டண்டு மதத்தவரான முதலாம் வில்லியம் சக்கரவர்த்தி கம்பீரமாக வந்தார். கத்தோலிக்கப் பேராயரோ வரவில்லை. அரசாங்கத்தோடு ஏற்பட்ட சச்சரவில் அவர் நாட்டைவிட்டே வெளியேறியிருந்தார். சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்காரர் இல்லாத கதை!

இந்த விழாவின் நூற்றாண்டுக்காக 1980-ல் மேற்கு ஜெர்மனி 5 மார்க் நாணயம் ஒன்று வெளியிட்டது. 2011-ல் வந்ததில் ஆலயத்தின் கீழே வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா என்ற மாகாணப் பெயர் இருக்கிறது. சந்தா கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு வார்த்தை இல்லை. எழுத இடமில்லை என்பார்கள். ஆயினும் இது புழங்கும் காசாக வந்ததே, அது சரியான காரியம். மளிகைக்காரரும் வண்டியோட்டியும் கொடுத்து வாங்கும் சில்லறையில்தான் இந்த ஆலயம் இருக்கவேண்டும்.

செங்கல் ஒட்டு

இரண்டாம் உலக யுத்தத்தில் ஊர் தரைமட்டமானது. ஆலயத்தின் மேல் 14 குண்டுகள் விழுந்தன. கூரை வளைவுகள் இடிந்தன, கோபுரங்கள் விழவில்லை. வடக்குக் கோபுரத்தின் மூலை ஒன்று பெயர்ந்தபோது, அவசரமாகச் செங்கல் வைத்து ஒட்டுப்போட்டார்கள். புண்ணுக்குக் கட்டிய துணிபோல அந்தச் செங்கல் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளியே தெரிந்தது. 2005-ல்தான் அதன்மேல் கல் வைத்து முடித்தார்கள்.

கல்தச்சர்களின் பட்டறைக்கு இன்றும் ஓய்வில்லை. மழையும் புகையும் அரித்த கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் பொருத்துகிறார்கள். கட்டடச் சங்கமும் இன்றுவரை பணம் சேர்த்துக் கொடுக்கிறது. ஆலயத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். நாணயத்தில் மட்டும் சாரம் இல்லை.