பெயர் வேண்டும் நடுகல்

கொழும்பு ஜாவத்தையிலுள்ள லிவரமென்டு மயானத்தில் இரண்டாம் உலகப்போரில் மடிந்த வீரர்தம் கல்லறைகள் உள. பெயரும் படையணியும் மறைந்த நாளும் பொறித்து, உலகம் அவர்க்குரிய கடனைச் செலுத்தியிருக்கின்றது.

சயாம்–பர்மா மரண இரயிற்பாதையில் மாண்ட நம்மவர்க்கு அக்கடனைச் செலுத்தியவர் யார்? 1942, 1943ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையை அமைத்தற்பொருட்டு, ஜப்பானியப் படையினர் போர்க்கைதிகளோடு ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவரையும் வருத்தினர். மலாயாவிலிருந்து ஏமாற்றியும் வலிந்தும் கொண்டுசெல்லப்பட்டோருட் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் பசியும் அவரை வாரிக்கொண்டன. சயாமிலுள்ள காஞ்சனபுரிப் போர்மயானத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் கல்லறை பெற்றனர். தொழிலாளரோ காட்டிற் புதையுண்டனர்.

2023ஆம் ஆண்டில் அவ்வூரில் அத்தமிழர் நினைவாக நடுகல் ஒன்று எழுந்தது. மகிழ்கிறேன், எனினும் நிறைவடையேன். காட்சி முதலாக வாழ்த்தல் ஈறாகத் தொல்காப்பியம் கூறும் நடுகல் துறைகளை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், பெயர் பொறித்தலே நடுகல்லுக்கு உயிர் என்பதை அறிவோம். ஆசிரியரும் இலக்கிய வட்டத்தினரும் மலேசியத் தமிழரோடு கூடி, குடும்பங்களின் நினைவில் எஞ்சியுள்ள பெயர்களைத் திரட்டல் வேண்டும். அறிந்தோர் அருகி வருகின்றனர். காலந்தாழ்ப்பின் கல் மட்டுமே நிற்கும்.